சொல்லிக்கொண்டு போகிறவர்

துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. வருவார்கள், கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்கள், பிறகு சத்தமில்லாமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்கள். மூச்சுக்கு மூன்று தரம் ‘வாரேனுங்க’ சொல்கிற எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் வாயில் வராத ஒரே இடம் அதுதான். இழவு வீட்டில் ‘வாரேன்’ என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடுமாம்.

என் மகன் நவீன் இறந்து கருமாதி கூட முடியாத ஒரு மத்தியானம், எங்கள் வீட்டு வாசலில் அத்தனை சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது, ஓர் அம்மாள் எழுந்து சேலையை உதறிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“சரிங்க டீச்சர், போயிட்டு வாரேனுங்க.”

என் நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“என்ன பேச்சுங்க இது? எழவூட்டுல வந்து போயிட்டு வாரேங்கறீங்க. இன்னொன்னு உழுகோணுமா இந்த ஊட்டுல?”

“தப்பா எடுத்துக்காதீங்க. நான் அடுத்த வியாழக்கெழம சாயங்காலம் வாரேன். சொல்லாமப் போனா இவுங்களுக்கு எப்படீங்க தெரியும்?”

சொல்லிவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பி, பின்கட்டில் இருந்த என் வீட்டுக்காரருக்கும் கேட்கிற மாதிரி, “ஏனுங்க, போயிட்டு வாரேனுங்க” என்று இன்னொரு தரம் குரல் கொடுத்தார். பதிலுக்குக் காத்திராமல் பஸ்ஸுக்கு நடந்தார்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் ஓசூரிலிருந்து, மகள் வீட்டிலிருந்து, போன் செய்து சண்டை பிடிப்பார். கோயம்புத்தூரில் ஒரு சர்ச்சுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில், உறவை இழந்தவர்களுக்காக ஒரு சனிக்கிழமைக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார். அதற்காக முறையாகப் படித்தவர். வர முடியாதவர்களைத் தேடி அவரே போவார். என்னோடு வேலை பார்த்த ஸ்டெல்லா டீச்சர்தான் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தது. நாங்கள் இருப்பது கோவில்பாளையம், அன்னூர் போகிற சத்தி ரோட்டில். காந்திபுரத்திலிருந்து நின்றுகொண்டே வர வேண்டும்.

கவுன்சிலிங் என்றதும் தணிந்த குரலில் பூப்போலப் பேசுகிற ஒருவரை நான் கற்பனை செய்திருந்தேன். இவருக்கு வாய்த்தது பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுக்கு விலை கேட்கிற குரல். குள்ளம், நல்ல தாட்டியான உடம்பு. பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர் கை கொடுத்துத் தூக்கிவிடுவார். நாத்தனாருக்கு அவர் தோள்பை மேல் ஒரு சந்தேகம் இருந்தது. “பைபிளக் கொண்டாந்திருப்பா, பாத்துக்க” என்று என் காதில் போட்டுவைத்தார். பை திறந்தபோது வெளியே வந்தது ஒரு டப்பா நிறைய வேகவைத்த கடலைக்காய். சமையலறைத் தரையில் அதை நடுவில் வைத்து உரித்துக்கொண்டே பேசுவார். எதிரே இருப்பவர் சும்மா இருக்க முடியாது, கை தானாகப் போய்விடும். நாத்தனாரே நாலாம் வாரம் உரித்தார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எட்டாவதிலிருந்து பத்தாவது வரைக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகியதால் வந்தது என்று சொல்லிக்கொள்வேன். அதற்கு முன்பும் அப்படித்தான். நவீன் போன பிறகு ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு மனசுக்குள் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். ‘சாமிக்குப் புடிச்சவங்களச் சீக்கிரம் கூப்புட்டுக்கும்’ என்றவருக்கு முட்டை. ‘எங்க சித்தப்பா பையனும் இப்படித்தானுங்க வண்டில போயி’ என்று ஆரம்பித்தவரைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். ‘தைரியமா இருக்கோணும்’ என்றவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. இந்த அம்மாளுக்கு மார்க் போட முடியவில்லை. அவர் ஆறுதலே சொல்லவில்லை.

எல்லாரும் ‘தவறிட்டான்’, ‘இல்லாமப் போயிட்டான்’ என்று சுற்றிச் சுற்றிப் பேசும்போது அவர் மட்டும், “நவீன் செத்ததுக்கப்புறம் தூக்கம் வருதுங்களா?” என்று கேட்டார். அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் அவன் பெயரைச் சொல்லி யாரும் பேசிப் பல நாளாகியிருந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. என் பிள்ளை பெயர் வர வேண்டிய இடத்தில் எல்லாரும் ஒரு ஓட்டை விட்டுப் பேசினார்கள். ‘அது’, ‘அந்த விசயம்’, ‘அன்னைக்கு’. பெயர் சொன்னால் நான் அழுவேனாம். அழுதேன்தான். அழுதால் என்ன?

“அழுவாத கண்ணு” என்று என் பெரியம்மா ஒரு வியாழக்கிழமை முதுகைத் தடவியபோது, அவர் கடலைக்காயிலிருந்து தலையைத் தூக்காமல், “அழுவட்டுமுங்க. அவுங்க பையன்தானுங்களே” என்றார்.

இன்னொரு வாரம், “நவீன் மேல உங்களுக்கு எதுக்கெல்லாம் கோவம் வரும்?” என்று ஆரம்பித்தார். செத்த பிள்ளை மேல் கோபமா என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு சொல்ல ஆரம்பித்தேன். ஈர டவலை மெத்தையில் போடுவான். போனை எடுக்க மாட்டான், கேட்டால் சைலண்டில் இருந்தது என்பான், அது எப்போதும் சைலண்டில்தான் இருக்கும். தோசைக்குத் தொட்டுக்கொள்ளச் சட்னி அரைத்து வைத்தால் சர்க்கரை டப்பாவைத் தேடுவான். மூன்றாம் வருடம் இன்ஜினியரிங் படிக்கிறவனுக்கு இன்னும் சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியாது. சொல்லிக்கொண்டே வந்தவள் எங்கேயோ ஓர் இடத்தில் சிரித்துவிட்டேன். சிரித்த வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அவர், “சர்க்கரையா? தோசைக்கா?” என்று கேட்டுவிட்டு என்னைவிடப் பெரிதாகச் சிரித்தார். தெருவே கேட்டிருக்கும்.

நல்லவர் என்று எழுதிக்கொண்டு போனால் அவரைத் தவறாகக் காட்டியதாகிவிடும். நாசூக்கு கிடையாது. இழவு வீடு என்று பாராமல், “ஒரு டீ கெடைக்குங்களா?” என்பார். கொடுத்தால், “சர்க்கரை போடலீங்க” என்று திருப்பித் தருவார். எங்கள் ஊரில் உப்புப் போட்ட டீயைக் கொடுத்தாலும் ‘நல்லா இருந்துச்சுங்க’ என்று குடித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். நான் சொல்வதை முடிக்கவிடாமல் நடுவில் புகுவார். சில நாள் அவர் வராமலிருந்தால் தேவலை என்று இருக்கும். வருவார். சொந்தக்காரர்கள் கருமாதி வரை வந்தார்கள், பிறகு முப்பதாம் நாளுக்கு வந்தார்கள், பிறகு அவரவர் தோட்டம், அவரவர் வீட்டுக் கல்யாணம். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இவர் மட்டும் மழையென்றாலும் வெயிலென்றாலும் வந்தார். கிளம்பும்போது ‘போயிட்டு வாரேனுங்க’ என்று சொல்லிக்கொண்டு போனார். பின்கட்டைப் பார்த்தும் ஒரு குரல் கொடுத்தார்.

அவர் சொல்லிச் சொல்லி நானும் சில சனிக்கிழமை கூட்டத்துக்குப் போனேன். மூன்றாம் வகுப்பு அறை. குழந்தைகள் உட்காருகிற பெஞ்சில், முழங்கால் மேசையில் இடிக்க, வளர்ந்த ஆட்கள் உட்கார்ந்திருந்தோம். மனைவியை இழந்த கொப்பரை வியாபாரி ஒருவர் பொள்ளாச்சியிலிருந்து வந்து ஒவ்வொரு வாரமும் அந்த அம்மாளிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்.

“இதெல்லாம் பேசுனா போனவ வந்தர்றாளா?”

“இல்லீங்க.”

“அப்பறம் எதுக்குங்க நான் இத்தன தூரம் வாரேன்?”

“தெரியலீங்க. அடுத்த வாரமும் வாங்க, கேப்போம்.”

அவர் அடுத்த வாரமும் வருவார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

ஒரு நாள் நான் அந்த அம்மாளிடம், இத்தனை நாளும் மனதில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். இந்த வேலைக்கு வருகிறவர்கள் எல்லாம் ஏதோ ஒரு அடி வாங்கித்தான் வந்திருப்பார்கள் என்பது என் கணக்கு.

“உங்களுக்கு யாருங்க போனது?”

“எனக்கா? யாரும் போகலீங்களே.” உரித்த கடலையை வாயில் போட்டுக்கொண்டார். “அப்பா, அம்மா, மாமியா, எங்கூட்டுக்காரரு, பொண்ணு, அல்லாரும் நல்லா இருக்காங்க.”

எனக்குக் கொதித்துப்போயிற்று. “அப்பறம் உங்களுக்கு என்னங்க தெரியும்?”

“தெரியாதுங்க” என்றார். தோலை ஒதுக்கிவிட்டு, “ஒவ்வொருக்கா உங்க ஊட்டுப் படி ஏறுறப்பவும் பயமாத்தான் இருக்குதுங்க டீச்சர். எனக்கும் ஒரே ஒரு பொண்ணு” என்றார். அன்றைக்குத்தான் நான் அவரை நம்ப ஆரம்பித்தேன்.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். நவீனுக்கு அந்த பைக்கை வாங்கிக் கொடுத்தது அவர். வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றது நான். பஸ் இருக்கிறது, காலேஜ் வேன் இருக்கிறது, சத்தி ரோட்டில் லாரி ஓடுகிற ஓட்டத்துக்கு இவனுக்கு வண்டி எதற்கு என்று ஒரு மாதம் சண்டை போட்டேன். ஒரு சாயங்காலம் அப்பனும் மகனும் என்னிடம் சொல்லாமல் போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஐந்து மாதத்தில் அந்த ரோட்டிலேயே, அந்த வண்டியிலேயே.

ஆக எனக்கு அவரிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி இருந்தது. ‘நீங்கதான வாங்கிக் குடுத்தீங்க?’ அது என் தொண்டையில் இருப்பது எல்லாருக்கும் தெரியும். நவீன் மேல் கோடித் துணி போட்ட அன்றைக்கே என் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மாப்பளகிட்ட வண்டியப் பத்தி வாயத் தொறந்துபோடாத அம்மணி, மனுசன் தாங்க மாட்டாரு” என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னான். நாத்தனார் என்னையும் அவரையும் ஒன்றாக ஒரு அறையில் விடவில்லை. எல்லாரும் சேர்ந்து, மிகுந்த மரியாதையோடு, அந்தக் கேள்வியைக் காவல் காத்தார்கள். நானும் கேட்கவில்லை. ஆனால் அதைக் கேட்காமல் வேறு எதைப் பேசுவது? உப்பு இருக்கிறதா, கரண்ட் பில் கட்டியாயிற்றா என்று எதைத் தொடங்கினாலும் அது அங்கேதான் போய் நிற்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் பேச்சே நின்றுவிட்டது. அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போன பிறகு நான் சாப்பிடுவேன். இருபத்து மூன்று வருஷம் ஒன்றாக இருந்தவர்கள், ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் ஆனோம். ஆறு மாதம் கழித்து அண்ணன், “கொஞ்ச நாளைக்கு நீ உடுமலைக்கு வந்து எங்ககூட இரு” என்றான். வேலையை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னான். நான் சரி என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நாள் என்றுதான் பெயர், திரும்ப மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

அந்த அம்மாளிடம் இதையெல்லாம் சொன்னேன். போகாதீர்கள் என்பார், அல்லது அவரிடம் மனம் விட்டுப் பேசுங்கள் என்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டையும் சொல்லவில்லை.

“அவுரு தப்பு இல்லைன்னு உங்களுக்குத் தோணுதுங்களா?” என்றார்.

“இல்ல. அவரு தப்புதான்.”

“சரிங்க” என்றார். அவ்வளவுதான். போகும்போது வழக்கம்போல, வாரேனுங்க.

இத்தனை ஒழுங்காக வந்தவர் ஒரே ஒரு வியாழக்கிழமை வரவில்லை. ஏதாவது உத்தியாக இருக்குமோ என்று பிற்பாடு எனக்குச் சந்தேகம் வந்ததுண்டு. அப்படி ஒன்றும் இல்லை. அவருக்கு மறந்துவிட்டது. தன் அண்ணன் மகளின் நிச்சயதார்த்தத்துக்குச் சேலை எடுக்கப் போன இடத்தில், கடைசியில் பணம் கட்டுகிற வரைக்கும் எங்கள் வீட்டு நினைப்பே வரவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து வாசலில் நின்றுகொண்டு, “மறந்தே போயிட்டேனுங்க டீச்சர், நான்லாம் ஒரு மனுசியா” என்று கண்ணைத் துடைத்தார். திட்டவேண்டும் என்று முந்தின நாள் ஐந்து மணிக்கு நான் தயாராக வைத்திருந்த அத்தனையும் அதற்குள் தேவையில்லாமல் போயிருந்தது.

அந்த வியாழக்கிழமை ஐந்தரை வரைக்கும் பார்த்தேன். போன் அடித்தேன், எடுக்கவில்லை. டீக்குப் போட்ட தண்ணீர் சுண்டிக்கொண்டிருந்தது. பின்கட்டில் என் வீட்டுக்காரர் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமைதான் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடுகிற நாள், அதைப் பிடிக்கத்தான் பட்டறையிலிருந்து சீக்கிரம் வருகிறார் என்று இத்தனை மாதமும் நான் நினைத்திருந்தேன். அன்றைக்குக் குடம் நிரம்பி வழிந்து சமையலறை வாசல் வரை தண்ணீர் வந்துவிட்டது. அவர் குழாய்ப் பக்கம் திரும்பவேயில்லை. சமையலறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் கதவருகே வந்து நின்று கேட்டார். “அந்தம்மா ஏன் இன்னும் வரல?”

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அது. கடலைக்காய் உரித்துக்கொண்டு நாங்கள் பேசியதையெல்லாம், நவீனுடைய ஈர டவலிலிருந்து ‘அவரு தப்புதான்’ வரைக்கும், இந்த மனிதர் அந்தக் கல்மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

“தெரியலீங்க. போனும் எடுக்கல” என்றேன்.

“பஸ்ஸு கெடைக்கலியோ என்னமோ. ஸ்டாப்பு வரைக்கும் போய்ப் பாத்துட்டு வாரேன்.”

“நானும் வாரேன்.”

நடந்தே போனோம். அவர் முன்னால், நான் நாலடி பின்னால். ஸ்டாப்பில் இரண்டு பஸ் வந்தது. இரண்டிலும் அந்த அம்மாள் இல்லை. காலேஜ் விட்ட நேரம். பையன்கள் பைக்கில் இரண்டு பேர் மூன்று பேராகப் போய்க்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் அவர்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நான் அவனுக்கு வண்டி வாங்கிக் குடுத்திருக்கக் கூடாது அம்மணி.”

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எங்கள் சொந்தத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ‘உங்க மேல என்னங்க தப்பு, எல்லாம் விதி’ என்று சொல்ல வேண்டும். எத்தனையோ பேர் அவருக்கு அதைச் சொல்லியிருந்தார்கள்.

“ஆமாங்க” என்றேன். “வாங்கிக் குடுத்திருக்கக் கூடாது.”

அவர் உடைந்து விழவில்லை. தலையை ஆட்டினார். பிறகு ஸ்டாப்பின் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்து, துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். சுடுகாட்டில்கூட அழாத மனிதர். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. நான் தடுக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“யாராச்சும் ஒருத்தராவது ஆமான்னு சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு” என்றார். “அல்லாரும் இல்லைன்னு இல்லைன்னு சொல்லிச் சொல்லி… எனக்குப் பைத்தியம் புடிச்சிரும் போல இருந்துச்சு.”

எனக்கும் பெரிய பாரம் இறங்கியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் இத்தனை மாதமாக நின்றுகொண்டிருந்த இன்னொன்று அப்போதுதான் முன்னால் வந்தது.

“வண்டி வந்த அன்னைக்கு அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சுங்க?” என்று கேட்டேன். “நான் பாக்கல. கோவத்துல சமையக்கட்ட உட்டு வெளியவே வரல.”

அவர் துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“சாவிய ரெண்டு கையிலயும் வாங்குனான். கடையிலிருந்து ஊடு வரைக்கும் இருவதுக்கு மேல ஓட்டல. நான் பின்னாடி உக்காந்து, டேய் மாட்டு வண்டியே நம்மளத் தாண்டிருச்சுடான்னேன். சிரிச்சான் பாரு… வந்து நின்னதும் சீட்டுக் கவரப் பிரிக்கலாம்னு போனேன். உடல. அம்மா வந்து பிரிக்கட்டும்னுட்டான்.”

சீட்டில் ஒட்டியிருந்த அந்த பிளாஸ்டிக் உறை எனக்கு நன்றாக நினைவிருந்தது. வெயிலில் சுருண்டு, அசிங்கமாக, வாரக்கணக்கில் அப்படியே கிடந்தது. இதைக்கூடக் கிழித்துப் போடச் சோம்பல் என்று திட்டிக்கொண்டே, ஒரு சனிக்கிழமை வாசல் கூட்டும்போது நான்தான் பிய்த்துக் குப்பையில் போட்டேன்.

“எனக்கு அது தெரியாதுங்க” என்றேன். “நான் திட்டிட்டே பிச்சுப்போட்டேன்.”

“தெரியும். அன்னைக்குப் பட்டறைக்கு போன் பண்ணினான். மிஷின் சத்தத்துல ஒன்னும் கேக்கல. வெளிய வந்து, என்றா கண்ணுன்னேன். ‘அப்பா, அம்மா பிரிச்சிட்டாங்கப்பா’ன்னான்.”

அடுத்த பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், பஸ் அன்னூருக்குப் போயிற்று. அதில் அந்த அம்மாள் வந்தாரா என்று நாங்கள் இரண்டு பேரும் பார்க்கவில்லை.

“இன்னொருக்கா சொல்லுங்க” என்றேன்.

அவர் மறுபடி கடையிலிருந்து ஆரம்பித்தார்.